பத்து மணித் தேனீக்கள்

அரசாங்கத்துக்குப் பூவின்மேல் ஆசை வந்த வருஷம் அது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று, உரத்துக்கு ஒன்று என்று எல்லாவற்றுக்கும் ஆபீஸ் வைத்து முடித்த பிறகு, பாவம், பூ மட்டும் அநாதையாக நிற்கிறதே என்று யாருக்கோ மனசு கேட்கவில்லை. 'மூலிகை மலர் ஊக்க உபநிலையம்' என்று ஒன்றைத் திறந்துவிட்டார்கள். திண்டுக்கல்லில் அதற்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கி. மேஜை வந்தது, நாற்காலி வந்தது, தேனீப் பெட்டிகள் வந்தன. புகையிலை நெடியில் அதிகாரிகள் தும்மிக்கொண்டே மலர்களை ஊக்கினார்கள். தேனீக்களும் தங்களால் ஆன வரைக்கும் தும்மியிருக்கும்.

ஆரிபாவுக்கு இதெல்லாம் தெரியாது. பேகம்பூரைத் தாண்டி, ஊர் முடிந்து குளத்துக்கரை ஆரம்பிக்கிற இடத்தில் அவளுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. இருந்தது என்பது ஒரு பேச்சுக்குத்தான். அது குளத்துப் புறம்போக்கு, பட்டா கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அங்கே கொத்தமல்லியும் புதினாவும் போட்டுத் தழை கிள்ளிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் கிதர் முகம்மதுவின் பிரியாணிக் கடைக்குத் தழை போய்ச் சேர வேண்டும். புருஷன் ஜெகபர் அலி தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று நெஞ்சில் சளி கட்டிப்போனவன். பாதி நாள் வேலைக்குப் போவான், பாதி நாள் இருமுவான். வீட்டு அடுப்பு எரிந்தது அந்தத் தழையில்தான். துண்டு போனால் அடுப்பும் போச்சு. அதனால் வெள்ளைச் சட்டை போட்ட யார் அந்தப் பக்கம் வந்தாலும் ஆரிபா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தழைக்காரிக்குப் பூ ஆகாது. கொத்தமல்லி பூத்துவிட்டால் இலை நூலாகச் சிறுத்து, காம்பு நாராகி, மணமும் வேறாகிவிடும். பூக்கிற எண்ணத்தோடு ஒரு குருத்து தலை தூக்கினால், ஆரிபாவின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அவளைக் கேட்காமலே போய்க் கிள்ளிவிடும். பேசும்போதும் கிள்ளும், பிள்ளையை அதட்டும்போதும் கிள்ளும்.

ஒரு நாள் காலையில் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் வரப்பில் வந்து நின்றார். கிராம சேவக் நல்லுசாமி. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், மரியாதையான மனுஷர்.

"ஏனுங்க அம்மிணி, உங்க தோட்டத்துல கொத்தமல்லி பூக்குதுங்களா?"

ஆரிபா துப்பட்டியை இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டாள். கேள்வி புதுசு. ஆனால் கேட்கிறவர் கையில் நோட்டு இருந்தது. கையில் நோட்டோடு வந்து கேட்கிற எதுவும் குற்றமாகத்தான் இருக்கும்.

"பூவா? எங்க தோட்டத்துலயா? ஒத்தப் பூ கெடையாதுங்க. அல்லா அறிய இல்ல. வேணும்னா நீங்களே எறங்கிப் பாருங்க."

"ஒண்ணுமே இல்லீங்களா?"

"எப்புடிங்க இருக்கும்? தல தூக்குனா அன்னைக்கே கிள்ளிருவேன்ல!"

நல்லுசாமியின் முகம் சுண்டிப்போனது. "கிள்ளிருவீங்களா? எத்தன வருஷமாங்க?"

"வாக்கப்பட்டு வந்ததுல இருந்து."

பெருமையாகச் சொல்லிக்கொண்டே, காலடியில் நீண்டிருந்த ஒரு குருத்தை அவர் கண்ணெதிரே கிள்ளி எறிந்தாள். நல்லுசாமி ஓர் அடி பின்னால் வைத்தார். குடை சாய்ந்தது. நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ஆரிபா புருஷனிடம் சொன்னாள். ஜெகபர் அலி கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"பூவக் கேட்டான்னா அவனுக்குப் பூவா வேணும்? அடக் கூறுகெட்டவளே! மொதல்ல பூ இருக்கான்னு கேப்பான். இருக்குன்னா, செடி யாருதும்பான். என்னுதுன்னா, செடி எதும்மேல நிக்குதும்பான். அம்புட்டுத்தான், முடிஞ்சுச்சு."

"நான்தான் பூவே இல்லன்னுட்டேனே."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இல்லன்னு சொன்னதுக்குமா எழுதிக்கிட்டுப் போவான்?"

எழுதிக்கொண்டு போனதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. உபநிலையத்தின் அதிகாரி மரியசெல்வம் நேரில் வந்தார். குளத்துக்கரைப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரிகளையெல்லாம் கூட்டி உட்காரவைத்தார்கள். அடுத்த துண்டில் கீரை போடுகிற இஞ்ஞாசியம்மாள் ஆரிபாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "சாமியார் பிரசங்கம்னாலும் கடைசியில அப்பம் குடுப்பாரு, இவரு என்ன குடுக்கப் போறாருன்னு பாப்போம்" என்று காதைக் கடித்தாள்.

அதிகாரி எழுந்தார். மூன்று தரம் தும்மினார்.

"தாய்மார்களே! இந்த நாட்டில் தேனீ இல்லையா? இருக்கிறது. எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறது. தேனீக்குப் பெட்டி இல்லையா? தேக்கு மரத்தில் செய்து வைத்திருக்கிறோம். பெட்டிக்குப் பூட்டு இல்லையா? திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு! இந்தியாவில் எவனும் உடைக்க முடியாது. சாவி? இதோ, என் இடுப்பில். இவ்வளவும் இருந்தும் தேன் வரவில்லை. ஏன்? கமிட்டி போட்டு யோசித்தோம். மறுபடியும் ஒரு கமிட்டி போட்டு, முதல் கமிட்டி சரியாக யோசித்ததா என்று யோசித்தோம். உண்மை வெளிவந்தது. பூ இல்லை! பூவை மக்கள் கிள்ளிவிடுகிறார்கள்!"

கூட்டம் ஆரிபாவைத் திரும்பிப் பார்த்தது.

இஞ்ஞாசியம்மாளுக்குப் பூட்டு விஷயம் நெஞ்சில் நின்றுவிட்டது. "ஏங்கய்யா, ஈப் பெட்டிக்கு எதுக்குப் பூட்டு?"

"நல்ல கேள்வி. பெட்டி அரசாங்கச் சொத்து. உள்ளே இருப்பதும் அரசாங்கச் சொத்து. சொத்து கண்டபடி வெளியே சுற்றலாமா? காலை பத்து மணிக்கு வாசலைத் திறக்கிறோம். மாலை ஐந்துக்குப் பூட்டுகிறோம். ஞாயிறு விடுமுறை. இந்த ஒழுங்கை வெள்ளைக்காரன்கூடத் தேனீக்குக் கொடுக்கவில்லை. பூக்கள் விடியற்காலையிலேயே மலர்ந்துவிடுவதாக ஒரு புகார் வந்திருக்கிறது. அதையும் பரிசீலிக்கிறோம்."

அப்புறம் அவர் ஆரிபாவின் பாத்திக்கு வந்தார். "நீங்கள் கிள்ளாமல் இருந்தால் போதும். பாதிப் பாத்தி. பாதியை மட்டும் பூக்க விடுங்கள்."

"எல வித்துத்தாங்கய்யா பொழைக்கிறோம்" என்றாள் ஆரிபா.

மரியசெல்வம் மிகவும் அன்பாகச் சிரித்தார். "இந்த நிலம் யாருடையது என்று நாங்கள் கேட்டோமா? கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் இல்லை. மக்களை அந்த அளவுக்கு நம்புகிற ஆபீஸ் இது. பாதி பூக்கட்டும்."

ஆரிபாவுக்கு அந்தச் சிரிப்பு முழுசாகப் புரிந்தது. தலையை ஆட்டினாள்.

பூக்க விடுகிறேன் என்று சொல்வது லேசு. விரல் கேட்க வேண்டுமே! பாத்திக்குள் இறங்கினால் கை தானாகப் போய்விடுகிறது. கடைசியில் கந்தைத் துணியைக் கிழித்துக் கட்டைவிரலில் தடிமனாகச் சுற்றிக்கொண்டாள். தழை கொடுக்கப் போனபோது கிதர் முகம்மது கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஆரிபா, கையில காயமா?"

"காயமில்லண்ணே, கவருமெண்டு."

"என்னத்தச் சொல்றே? தழையும் பாதியாத்தான் இருக்கு."

"பாதியப் பூக்க விட்டுருக்கேன்."

"பூக்கவா? யாருக்கு?"

"ஈக்கு."

கிதர் முகம்மது அவளைப் பார்த்தார். தர்காவுக்குக் கூட்டிப்போக வேண்டியவர்களைப் பார்க்கிற பார்வை அது. "சரிம்மா. செத்த நாள் பாக்குறேன். இப்புடியே போச்சுன்னா நான் செம்பட்டியில இருந்துதான் தழை எறக்கணும். தப்பா நெனைக்காத" என்றார்.

கொத்தமல்லி பூத்தது. பாத்தி பாதி வெள்ளையாகி, காற்றில் மாவு சலித்தது போல அசைந்தது. ஓரத்தில் நின்ற திருநீற்றுப்பச்சிலையும் கதிர் விட்டது. ஆரிபா இத்தனை வருஷத்தில் தன் செடியில் பூவைப் பார்த்ததே இல்லை. அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததே அவளுக்குச் சந்தேகமாகவும் இருந்தது. இவ்வளவு நல்லதை அரசாங்கம் சும்மா கேட்குமா?

புதினா மட்டும் பூக்கவில்லை. திண்டுக்கல் வெயிலில் அது பூத்து யாரும் பார்த்ததில்லை. நல்லுசாமி தினமும் வந்து குனிந்து பார்த்தார்.

"புதினா ஏனுங்க ஒத்துழைக்க மாட்டேங்குது?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் கிள்ளல."

"நீங்க கிள்ளலீங்கறதுக்கு யாராச்சும் சாட்சி இருக்கறாங்களா?"

இஞ்ஞாசியம்மாள் சாட்சி சொன்னாள். புதினா தானாகவே பூக்க மறுக்கிறது என்று முடிவு செய்யப்பட்டு, அதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கப்பட்டது.

பெட்டியும் வந்து இறங்கியது. கல்தூண் நட்டு, எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்ச் சட்டி வைத்து, மேலே தேக்குப் பெட்டியை ஏற்றினார்கள். வாசலில் சின்னக் கம்பிவலைக் கதவு. அதில் உள்ளங்கை அகலத்துக்கு மாங்காய்ப் பூட்டு தொங்கியது. பெட்டியைவிடப் பூட்டு கனமாக இருந்தபடியால் பெட்டி முன்பக்கம் லேசாகக் குனிந்து நின்றது. பத்து மணிக்கு நல்லுசாமி சாவி வாங்கி வந்து திறப்பார். உள்ளே முட்டிக்கொண்டிருந்த ஈக்கள் பீறிட்டுக்கொண்டு வெளியே வரும். ஐந்து மணிக்குப் பூட்டுவார். அதற்குள் வந்து சேராதவை கதவில் மோதிக்கொண்டு, கம்பிவலையைச் சுற்றிச் சுற்றி நடக்கும். அவற்றைப் பார்த்து நல்லுசாமி, "நேரத்தோட வரோணும் கண்ணு" என்று வருத்தமாகச் சொல்வார். நல்ல மனுஷர்தான்.

ஒரு நாள் மரியசெல்வம் சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்துவிட்டார். வந்தவர் பாத்தியைப் பார்த்ததும் அப்படியே பூரித்துப்போனார். பூவுக்குப் பூ தேனீ. பாத்தி முழுக்க ஒரே ரீங்காரம்.

"பார்த்தீர்களா அம்மா! நான் சொன்னேனா இல்லையா? திட்டம் வெற்றி!"

சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். மணி இன்னும் பத்து ஆகவில்லை. பெட்டியைப் பார்த்தார். பூட்டு தொங்கியது. முகம் இருண்டது.

"அப்படியென்றால் இவை யார்?"

"புளியமரத்து ஈங்கய்யா. அந்தப் பொந்துக்குள்ள ரொம்ப நாளாக் குடியிருக்கு."

"தனியார் தேனீயா?"

ஆரிபா புளியமரத்தை அண்ணாந்து பார்த்தாள். "யாருதும் இல்லீங்க. ஈதான்."

"யாருடையதும் இல்லாதது எப்படி அம்மா இருக்க முடியும்? அரசாங்கம் ஊக்கிய மலர். அரசாங்கத் தேனீ பசியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. விதிப்படி பத்து மணிக்குக் காத்திருக்கிறது. எந்த ஒழுங்கும் இல்லாத வெளி ஈ விடியற்காலையிலேயே வந்து மொத்தத்தையும் தின்றுவிட்டுப் போகிறது. இதற்குப் பேர் என்ன? கையாடல்! நீங்களும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறீர்கள்."

அன்றிலிருந்து ஆரிபாவுக்குப் புது வேலை வந்தது. விடிந்ததிலிருந்து பத்து மணி வரை பூக்களிலிருந்து ஈயை விரட்ட வேண்டும். பத்து மணிக்கு மேல் ஈ வந்தால் வரவேற்க வேண்டும். ஒரு கையில் துண்டு, இன்னொரு கையில் தழை என்று நின்றாள். இஞ்ஞாசியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏன்டி, மொதல்ல பூவக் கிள்ளாதேன்னாக. இப்ப ஈய அடிங்குறாக. அடுத்தாப்புல உன்னைய ரெக்க கட்டிக்கிட்டுப் பறக்கச் சொல்லுவாக."

"நீ சிரி. அவரு போறப்ப நிலத்தப் பாத்த பார்வைய நீ பாக்கலயே."

பத்து மணிக்கு மேலும் சிக்கல் தீரவில்லை. பெட்டியிலிருந்து வருவதும் பொந்திலிருந்து வருவதும் அச்சாக ஒன்று போலவே இருந்தன. பார்த்த மாத்திரத்தில் ஒழுக்கம் தெரிந்துவிடும் என்று மரியசெல்வம் சொல்லிப் பார்த்தார். ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. எனவே சின்னாளபட்டிச் சாயக்காரரிடம் நீலப் பொடி வாங்கி வந்து, மெல்லிய துணியில் கட்டி, பத்து மணிக்குக் கதவைத் திறந்ததும் வெளியே வருகிற ஒவ்வோர் ஈயின்மேலும் தட்டச் சொன்னார்கள். நல்லுசாமி தட்டினார். ஈக்கள் நீலமாகப் பறந்தன. நல்லுசாமியும் நீலமாக வீட்டுக்குப் போனார்.

நீல ஈ பாத்திக்கு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றிரண்டு வந்தன. மற்றதெல்லாம் எங்கே போயின என்பது சாயங்காலம் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுச் சர்பத் கடையில் நன்னாரிப் பாகு வைத்திருந்த கண்ணாடி ஜாடியைச் சுற்றி நீலப் பூ மாலை சாத்தியது போல அப்பியிருந்தன. பாவம், பத்து மணி வரைக்கும் அடைத்துப் போட்டால் வந்த பசிக்குக் கொத்தமல்லிப் பூ எந்த மூலைக்கு? குடிக்க வந்தவர்கள் நீல ஈயைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடினார்கள். கடைக்காரர் ஆபீஸுக்கு வந்து கத்தினார். மரியசெல்வம் அன்று மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், 'நமது தேனீக்கள் பொதுமக்களுடன் நேரடித் தொடர்பு கொள்ளத் தொடங்கிவிட்டன' என்று எழுதினார். மேலிடம் பாராட்டியது. பாராட்டியதோடு நிற்காமல், பெரிய அதிகாரி நேரில் பார்க்க வருவார் என்றும் சொல்லி அனுப்பியது.

அவர் வருவதற்குச் சில நாள் முன்னாலேயே அது நடந்துவிட்டது. காலை பத்து மணிக்கு நல்லுசாமி கதவைத் திறந்தார். பொடி மூட்டையை உயர்த்திக்கொண்டு நின்றார். ஒன்றும் வரவில்லை. காதை வைத்துக் கேட்டார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். காய்ந்த தேனடை இருந்தது. ஈ இல்லை. ஐந்து மணிக்குள் வீடு திரும்ப முடியாமல் தினம் தினம் வெளியே கிடந்தவை எல்லாம் ஒரு முடிவுக்கு வந்து, உள்ளே இருந்தவற்றையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன.

நல்லுசாமி மூடியை மெதுவாக வைத்தார். பூட்டைத் திரும்பப் பூட்டினார். ஆரிபாவிடம் வந்தார்.

"அம்மிணி, நீங்க எதையும் பாக்கலீங்க. நானும் பாக்கலீங்க."

அதற்குப் பிறகும் அவர் ஒரு நாள் தவறாமல் பத்து மணிக்குத் திறந்தார், ஐந்து மணிக்குப் பூட்டினார். காலிப் பெட்டி அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டது.

பெரிய அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். ஜீப் வந்தது, மாலை வந்தது, கூட்டம் வந்தது. ஜெகபர் அலி தோல் ஷாப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, மனைவியின் பின்னால் நின்றுகொண்டான். மரியசெல்வம் தன் இடுப்புச் சாவியைத் தானே எடுத்து, கூட்டம் பார்க்க, பத்து மணிக்குப் பூட்டைத் திறந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தது. அப்புறம் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

பெரிய அதிகாரி மூடியைத் தூக்கச் சொன்னார். தூக்கினார்கள்.

"எங்கே?" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் புளியமரத்துப் பொந்திலிருந்து ஒரு கூட்டம் கிளம்பி, தலைக்கு மேலாகப் பறந்து, வெள்ளைப் பூக்களில் இறங்கியது. அதில் சில இன்னும் லேசாக நீலம் பூத்திருந்தன. மரியசெல்வம் அதைப் பார்த்தார். ஆரிபாவை நோக்கி விரலை நீட்டினார்.

"கடத்தல், சார்! இந்த அம்மாள் பூவைக் காட்டி அரசாங்கத் தேனீயை மயக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆரம்பத்திலிருந்தே எனக்கு இவர்மேல் சந்தேகம். பாருங்கள், எவ்வளவு பூ வைத்திருக்கிறார்!"

"ஐயோ, பூக்க விடச் சொன்னதே நீங்கதானேங்கய்யா!"

"ஊக்கினோம். இழுக்கச் சொல்லவில்லை."

பெரிய அதிகாரி கையை உயர்த்தினார். நிதானமான ஆள். "உணர்ச்சிவசப்பட வேண்டாம். ஈ எந்த மரத்தில் இருக்கிறது, மரம் எந்த நிலத்தில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். அம்மா, இந்த நிலம் யாருடையது?"

வந்தேவிட்டது. இத்தனை நாளும் எதைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பூக்கவிட்டாளோ, அதையே கேட்டுவிட்டார்கள். பின்னாலிருந்து ஜெகபர் அலி, "வாயத் தொறக்காத, வாயத் தொறக்காத" என்று முணுமுணுத்தான். என்னுது என்றால் அரசாங்கச் சொத்தை வீட்டுக்குள் வைத்திருக்கிறவள் ஆகிவிடுவாள், போலீஸ் வரும். என்னுது இல்லை என்றால் நாளைக்கு இந்த மண்ணை மிதிக்க முடியாது. கிதர் முகம்மது செம்பட்டிக்கு ஆள் அனுப்பிவிடுவார். ஆரிபா விரலில் சுற்றியிருந்த கந்தையை அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். கூட்டமே அவள் வாயைப் பார்த்தது.

"நெலம் சர்க்காருதுங்கய்யா. மரமும் சர்க்காருது. ஈயும் சர்க்காருதுன்னு அவுகளே சொல்றாக. நான் நடுவுல எல கிள்ளிட்டுப் போறவ."

ஜெகபர் அலி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் பெரிய அதிகாரியின் முகம் தெளிந்தது. "அப்படியானால் இழப்பே இல்லையே! அரசாங்கக் கட்டடத்திலிருந்து அரசாங்க மரத்துக்குப் போயிருக்கிறது. இது இடமாற்றம்." எல்லோரும் மறுபடி கை தட்டினார்கள். மரியசெல்வம்தான் பலமாகத் தட்டினார். இந்த இடத்தை உடனே வேலி போட்டு உபநிலையத்தின் பேரில் எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு ஜீப் புறப்பட்டது.

மறுநாள் ஆரிபா வேலிக்காரர்களுக்காகக் காத்திருந்தாள். கடைசித் தடவையாக ஒரு கட்டுத் தழையைக் கிள்ளி ஓரமாக வைத்துவிட்டு, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கல்தூண் வண்டி வந்தது. அதன் பின்னாலேயே மூச்சிரைக்க, ஊர் நிலக் கணக்கு எழுதும் கர்ணம் வந்தார்.

"புறம்போக்கு எங்க இலாகா. யாரக் கேட்டு ஊணுறீக?"

அவர் முடிப்பதற்குள் குளத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிற இன்னோர் இலாகாவின் ஆள் வந்து, கரையிலிருந்து இத்தனை தூரத்துக்கு ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்றார். பஞ்சாயத்துக்காரர், புளியமரத்தை வருஷா வருஷம் ஏலம் விடுவது நாங்கள், மரத்தின் நிழல் விழுகிற இடமெல்லாம் எங்களுடையது என்றார். கல்தூண் வண்டி வந்த வழியே திரும்பியது. ஆளுக்கொரு பலகை மட்டும் முளைத்தது. எல்லாப் பலகையிலும் 'உள்ளே வரக் கூடாது' என்று எழுதியிருந்தது. விவகாரம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. தீர்கிற வரைக்கும் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு மட்டும் கீழே வந்தது. ஒரு செடியைப் புதுசாகப் பிடுங்கவும் கூடாது, பூவாக நிற்பது பூவாகவே நிற்க வேண்டும், தழையாக நிற்பது தழையாகவே நிற்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் கர்ணம் வந்து தனியாகச் சொன்னார்: "ஆரிபா, நீபாட்டுக்கு வந்து போ. அந்தப் பூ ஆபீஸ்காரன் எவனாச்சும் கால வச்சா எனக்குச் சொல்லிரு." அடுத்து நல்லுசாமி வந்தார்: "அம்மிணி, கர்ணம் உள்ள வந்தாருங்கன்னா எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லீருங்க." பஞ்சாயத்துக்காரரும் வந்து அதையே சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்படுவதிலேயே பொழுது போய்விட்டதால், ஆரிபாவைச் சந்தேகப்பட நேரம் இல்லாமல் போயிற்று. தழை பழையபடி கிதர் முகம்மதுவின் கடைக்குப் போனது.

பூத்த பாதி பூத்தபடியே நின்றது. விதை உதிர்ந்து, முளைத்து, மறுபடி பூத்தது. பொந்து ஈக்கள் விடியற்காலையிலேயே வந்தன. விரட்ட ஆள் இல்லை.

ஒரு நாள் இஞ்ஞாசியம்மாள் வேலி ஓரம் வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கிசுகிசுத்தாள்.

"ஏன்டி, செத்த இங்க வா. யாரும் பாக்கலயே?"

அவள் வேலியில் படர்ந்திருந்த பூசணிக் கொடியை இலை விலக்கிக் காட்டினாள். ஆரிபா குனிந்து பார்த்தாள். காய், காய், காய். எப்போதும் பிஞ்சிலேயே வெம்பி உதிர்கிற கொடி அது. ஒரு வருஷத்துக்கு ஒரு காய் தேறினால் பெரிசு.

"என்னத்தப் போட்டே?"

"நான் ஒண்ணும் போடலடி, மாதா சத்தியமா. எருகூடப் போடல. பூசணிப் பூவத் தொறந்து பாத்தா உள்ள உன் ஈதான் உருண்டுக்கிட்டுக் கெடக்கு."

இரண்டு பேரும் பாத்தியைப் பார்த்தார்கள். ஈக்கள் வெள்ளைப் பூவிலிருந்து மஞ்சள் பூவுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் அவரை, பாகல் எல்லாம் கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்தன. சற்றுத் தள்ளித் தெரிந்த ஆரிபாவின் வீட்டுக் கூரைமேல் கிடந்த சுரைக்கொடியிலும் காய் தொங்குவது இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"இஞ்ஞாசி, இத நீ வெளிய சொல்லாத."

"எனக்கென்ன பைத்தியமா? ஈ சர்க்காருதுன்னா இந்தக் காயும் சர்க்காருதும்பாக."

இரண்டு பேருமாகத் தென்னங்கீற்றை வெட்டி வந்து பூசணிகளை மூடினார்கள். சுரைக்காய்க்குச் சாக்குப் போட்டார்கள். அடுத்த வாரமே திட்டத்தை மதிப்பிடுவதற்கு ஒரு புதுக் கமிட்டியோடு மரியசெல்வம் வந்தார். கர்ணத்துக்குப் பயந்து வரப்புக்கு வெளியிலேயே நின்றார்கள். ஆரிபாவும் இஞ்ஞாசியம்மாளும் கீற்றுக் குவியலுக்கு முன்னால் சேலையை விரித்துப் பிடித்தாற்போல நின்றுகொண்டார்கள்.

"பூத்ததால் ஏதாவது பலன் உண்டா?" என்று கமிட்டி கேட்டது.

"ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றாள் ஆரிபா.

"கிஞ்சித்தும் இல்லீங்க" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

மரியசெல்வத்தின் முகம் மலர்ந்தது. கமிட்டியின் பக்கம் திரும்பினார். "கேட்டீர்களா? நான் அன்றைக்கே சொன்னேன். ஒரே ஒரு பெட்டி, அரைப் பாத்தி! இவ்வளவு சின்ன அளவில் செய்தால் பலன் எப்படி வரும்? பலன் இல்லை என்பதே இத்திட்டத்தை விரிவுபடுத்த வேண்டும் என்பதற்குச் சான்று. மதுரை ஜில்லா முழுக்கச் செய்ய வேண்டும். செம்பட்டியில் ஒரு கிளை, தொப்பம்பட்டியில் ஒரு கிளை. பூட்டுக்கு இப்போதே சொல்லி வைத்துவிடலாம்."

கமிட்டி ஒருமனதாக ஏற்றுக்கொண்டு தும்மியது.

செம்பட்டி என்ற பேரைக் கேட்டதும் ஆரிபா நிமிர்ந்தாள். அவள் தங்கை பக்ருன்னிசா வாக்கப்பட்டிருந்தது அங்கேதான். கிணற்றடியில் தழை போட்டுப் பிழைக்கிறவள். நிலத்துக்குப் பட்டா இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. ஆரிபா அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். செம்பட்டி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படியில் ஏறிக் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, செம்பட்டியில பெட்டிக்கடைக்குப் பின்னால பக்ருன்னிசான்னு கேட்டா சொல்லுவாக. அக்கா சொல்லிவிட்டுச்சுன்னு சொல்லு. பூக் கேட்டு வருவாக, குடுத்துருன்னு சொல்லு. நெலம் யாருதுன்னு கேட்டா, மறந்தும் என்னுதுங்காதேன்னு சொல்லு. பூசணி காச்சா, கீத்தப் போட்டு மூடிருன்னு சொல்லு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். என்னவோ யோசித்து, திரும்ப எடுத்தார்.

"ஏங்க்கா, பூசணிய எதுக்கு மூடணும்? உங்க பக்கம் நல்லாக் காச்சிருக்கோ?"

ஆரிபா அவருடைய காக்கிச் சட்டையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"எங்க பக்கம் பூசணிக்கொடியே கெடையாது தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியை விட்டு இறங்கினாள்.